ஜெட் 1221விஎஸ் மர லேத்: ரிவர்ஸ் சுவிட்ச் எவ்வளவு தூரம் உதவும், எங்கே கவிழ்க்கும்

மரக் கடைசலுக்கு லேத் தேடுகிறவர்கள் விவரத்தாளில் முதலில் பார்ப்பது குதிரைத்திறனை, அடுத்து வேகத்தை, அப்புறம் எவ்வளவு பெரிய கிண்ணம் பிடிக்கலாம் என்பதை. 'ஃபார்வர்ட் / ரிவர்ஸ்', அதாவது முன்சுழற்சி / பின்சுழற்சி, என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். வாங்கிய பிறகு அதிகம் குழப்புவதும், கவனிக்காவிட்டால் கிண்ணத்தோடு, அதைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற பிடியையும் தரையில் உருட்டிவிடுவதும் அந்த வரிதான். அதனால் ஜெட் நிறுவனத்தின் ஜேடபிள்யூஎல்-1221விஎஸ் லேத்தை இங்கே ரிவர்ஸ் என்ற ஒரு வசதியை வைத்தே எடைபோடுகிறோம்.

இயந்திரத்தைப் பற்றி முதலில் சுருக்கமாக. மேசை மேல் வைக்கும் நடுத்தர லேத். மாதிரி எண்ணில் உள்ள 12, பெட்டுக்கு (லேத்தின் அடித்தண்டவாளத்துக்கு) மேல் சுழலக்கூடிய விட்டம் சுமார் 12 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. 21, இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள நீளம். மோட்டார் 1 குதிரைத்திறன். மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மூக்கில் 1 அங்குல விட்டத்துக்கு, அங்குலத்துக்கு 8 மரை (திருகு வரி); சக் அதில்தான் திருகி ஏறும். உள்ளே 2ஆம் எண் மோர்ஸ் டேப்பர், அதாவது முனைகளைச் செருகும் கூம்புத் துளை. பெல்ட்டை மூன்று புல்லிகளில் மாற்றலாம்: 60 முதல் 900 வரை, 110 முதல் 1800 வரை, 220 முதல் 3600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை. அந்தந்த எல்லைக்குள் வேகக் குமிழைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். 60 ஆர்பிஎம் வரை இறங்குவது ரிவர்ஸுக்குப் பெரிய வரம். காரணம் பின்னால் வருகிறது.

ரிவர்ஸ் எதற்கு? முதன்மையான பதில், உப்புத்தாள் போடுவதற்கு. மாமரக் கிண்ணம் ஒன்றைக் கடைந்து 120ஆம் எண் தாளால் தேய்த்துவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள். குறுக்கு நார் வெளியே தலைகாட்டும் இரண்டு இடங்களில் மட்டும் பூனை மயிர் போல ஒரு பிசிறு தெரியும். விரலை ஒரு திசையில் ஓட்டினால் வழுவழுவென்று இருக்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் சொரசொரக்கும். தாள் நாரை வெட்டவில்லை, ஒரு பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதே தாளை அதே இடத்தில் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் மரம் சூடாகுமே தவிர, படுத்த நார் எழாது. சுழற்சியைத் திருப்பினால் படுத்திருந்த நார் தாளுக்கு எதிராக நிமிர்ந்து அறுபட்டுவிடும். வேம்பு, வாகை, மா போல நார் பின்னிக்கொண்டு ஓடும் மரங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தேக்கு போன்ற நேர்நார் மரத்தில் அவ்வளவு தெரியாது. 120, 180, 220, 320 என்று (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்) எண் மாற்றும் ஒவ்வொரு முறையும் முன்சுழற்சியில் பாதி, பின்சுழற்சியில் பாதி என்று தேய்ப்பதே சரியான முறை. கடைசி எண்ணில் மட்டும் ரிவர்ஸ் போட்டால், 120இலேயே தங்கிவிட்ட பிசிறை 320 தாள் அறுக்க முடியாமல் திணறும்.

திசை மாறினால் தாளைப் பிடிக்கும் இடமும் மாற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். டெயில்ஸ்டாக் (மரத்தின் மறுமுனையைத் தாங்கும் நகரும் பகுதி) பக்கமிருந்து ஹெட்ஸ்டாக்கை (ஸ்பிண்டில் இருக்கும் பகுதியை) பார்ப்பதாகவும், கிண்ணத்தை ஒரு கடிகார முகமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் பக்கம் 9 மணி. வழக்கமான சுழற்சியில் உங்கள் பக்கத்து மரம் கீழ்நோக்கி ஓடும். அப்போது வெளிப்புறத்துக்குத் தாளைக் கீழே, 6 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே பிடிப்போம். மரம் அங்கே உங்களைவிட்டு விலகி ஓடுவதால் தாள் கைக்குப் பின்னால் இழுபடும், கை உள்ளே போகாது. ரிவர்ஸில் உங்கள் பக்கத்து மரம் மேல்நோக்கி வரும். பழைய இடத்திலேயே கையை வைத்தால் தாள் சுருண்டு விரலை உங்கள் பக்கமாகத் தள்ளும், தூள் நேராக முகத்துக்கு வரும். ரிவர்ஸில் வெளிப்புறத்துக்குத் தாளை மேலே, 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவே பிடியுங்கள். மரம் அங்கே பின்பக்கமாக விலகி ஓடும். கிண்ணத்தின் உட்புறமும் அப்படித்தான்: முன்சுழற்சியில் 6க்கும் 9க்கும் நடுவே, ரிவர்ஸில் 9க்கும் 12க்கும் நடுவே. தூசி உறிஞ்சும் குழாயின் வாயும் இதற்கேற்ப நகர வேண்டும். முன்சுழற்சியில் பின்பக்கம் தாழ, ரிவர்ஸில் பின்பக்கம் உயர. வாகைத் தூள் தும்மலைக் கிளப்பிவிடும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். தாள் எடுக்கும் முன், உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். கிண்ணத்துக்கும் ரெஸ்டுக்கும் நடுவே விரல் மாட்டினால் அது எந்தத் திசை என்று பார்க்காது.

இனி மரை. ஸ்பிண்டிலில் இருப்பது வலக்கை மரை. சக்கை வலப்பக்கமாகத் திருகினால் இறுகும், இடப்பக்கமாகத் திருகினால் கழலும். வழக்கமான சுழற்சியில் உளி மரத்தைத் தடுக்கும்போது அந்தத் தடை சக்கை இன்னும் இறுக்கும். ரிவர்ஸில் அதே தடை கழற்றும். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். மரத்தை யாரும் தொடாதபோதும் மரை இறுகவோ கழலவோ செய்யும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது.

கனமான கிண்ணத்துக்குத் தன் நிலையை மாற்றப் பிடிக்காது. முன்சுழற்சியில் லேத் கிளம்பும்போது ஸ்பிண்டில் முந்தும், கிண்ணம் பின்தங்கும், மரை இறுகும். முன்சுழற்சியிலிருந்து லேத் சட்டென்று நிற்கும்போது ஸ்பிண்டில் நின்றுவிடும், கிண்ணம் ஓடிக்கொண்டே இருக்கும். மரை கழலப் பார்க்கும். ரிவர்ஸில் இரண்டும் தலைகீழ்: கிளம்பும்போது கழலும், நிற்கும்போது இறுகும். ஆக ரிவர்ஸில் ஆபத்தான நேரங்கள் இரண்டு: கிளம்பும் முதல் சில நொடிகளும், தாளோ உளியோ அழுத்தும் நேரமும்.

இதை வைத்து ஜெட்டின் பெருமையான வசதி ஒன்றைப் பார்க்க வேண்டும். இந்த லேத்தில் ஓட்டத்தின் நடுவிலேயே திசை சுவிட்சைத் தட்டலாம். கட்டுப்பாட்டுப் பெட்டி வேகத்தைத் தானே குறைத்து, பூஜ்யத்தைத் தொட்டு, மறுதிசையில் மென்மையாக ஏற்றும். மின்னணு வேலை என்ற அளவில் மிக நேர்த்தி. அதிர்வு இல்லை, மோட்டார் முனகுவதும் இல்லை. ஆனால் முன்சுழற்சியிலிருந்து ரிவர்ஸுக்கு இப்படி மாறும்போது, வேகம் குறைவதும் மரையைக் கழற்றுகிறது, மறுபக்கம் ஏறுவதும் கழற்றுகிறது. இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன, நடுவில் இடைவெளியே இல்லை. மரையில் திருகிய சக் மாட்டியிருக்கும்போது இந்த வசதியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. குமிழை அடிமட்டத்துக்கு இறக்குங்கள், லேத்தை நிறுத்துங்கள், மரம் அசைவற்று நின்ற பின் திசையை மாற்றுங்கள், 60 ஆர்பிஎம்மிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். அடிவேகம் 60 என்பது வரம் என்று முன்னால் சொன்னது இதனால்தான்.

பூட்டு இல்லாமல் ரிவர்ஸ் இல்லை. பூட்டு என்றால் கிரப் ஸ்க்ரூ: சக்கின் கழுத்தில், ஆலன் கீ போட்டு முடுக்கும் தலையில்லாத சிறு திருகு. சக்கை ஸ்பிண்டிலில் முழுசாக ஏற்றிய பின் இதை முடுக்கினால், உள்ளே போய் ஸ்பிண்டிலை அழுத்திப் பிடிக்கும். இந்த லேத்தோடு எந்தச் சக் வாங்கினாலும் கழுத்தில் இந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாத சக்கை முன்சுழற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் பிளேட்டுக்கும் (மரத்தைத் திருகாணிகளால் பிணைக்கும் தட்டுக்கும்) இதே விதி.

திருகு எங்கே அழுத்துகிறது என்பதும் முக்கியம். மரைக்குப் பின்னால், தோளுக்கு (சக் வந்து முட்டும் விளிம்புக்கு) முன்னால் உள்ள வழுவழுப்பான பகுதியில் அழுத்தினால் நல்லது. நேராக மரை மேல் அழுத்தினால் மரையின் முகடு நசுங்கும்; அடுத்த முறை சக் பாதியில் சிக்கும், ஏறாது, இறங்காது. அப்படி அமையும் சக்கில், திருகைப் போடும் முன் துளைக்குள் ஒரு சிறு பித்தளைத் துண்டையோ செம்புத் துண்டையோ போட்டுவிடுங்கள். மிளகளவு போதும். மெத்தென்ற உலோகம் நசுங்கி மரைக்குள் படிந்து பிடிக்கும், ஸ்பிண்டிலில் கீறல் விழாது. ஆலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்துக் கைபலத்தில் முடுக்கினால் போதும். குழாய் மாட்டி முறுக்குவது ஸ்பிண்டிலுக்குக் கேடு.

இன்சர்ட் வகைச் சக்கில், அதாவது ஸ்பிண்டில் மரைக்கேற்ற தனி வளையம் ஒன்றைச் சக்குக்குள் திருகி மாட்டும் வகையில், கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. இன்சர்ட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே ஒரு மரை, இன்சர்ட்டுக்கும் சக்கின் உடலுக்கும் நடுவே இன்னொரு மரை. ரிவர்ஸ் இரண்டையும் கழற்றப் பார்க்கும். ஸ்பிண்டில் பக்கம் பூட்டிவிட்டு இன்சர்ட்டை மறந்தால் சக் அங்கே கழலும்.

சக் இறுகிக்கொள்ளாமல் இருக்க, தோளுக்கும் சக்குக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷர் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. எளிதாகக் கழல்வதற்காகவே போடுவது அது. ரிவர்ஸ் போடும் நாளில் வாஷரை எடுத்துவிடுங்கள். இரும்போடு இரும்பு உட்கார வேண்டும். உட்காரும் முன் மரையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் துடையுங்கள். ஒரு மெல்லிய சீவல் மாட்டிக்கொண்டாலும் சக் தோளைத் தொடாமல் நின்றுவிடும். கைக்கு இறுகினது போலத் தோன்றும், ஆனால் அந்தச் சீவல் நசுங்கியதும் தளர்ந்துவிடும்.

பூட்டியது பிடிக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சக்கின் பின்விளிம்பிலிருந்து ஸ்பிண்டிலின் தோள் வரை மார்க்கரால் நேராக ஒரு கோடு போடுங்கள். மரம் இல்லாமல், 100 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் ரிவர்ஸ் ஓட்டி நிறுத்துங்கள். கோடு ஒரே நேராக இருந்தால் மரத்தை மாட்டி 300இல் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு தாள் எண் மாற்றும்போதும் அந்தக் கோட்டை ஒரு பார்வை பாருங்கள். ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் நிறுத்தி, பூட்டைத் தளர்த்தி, சக்கை மறுபடி ஏற்றிப் பூட்ட வேண்டும். அங்குலத்துக்கு 8 மரை என்றால் ஒரு சுற்றுக்குச் சக் 3.175 மில்லிமீட்டர் வெளியே வரும். ஓர் அங்குலம் ஏறியிருக்கும் சக் முழுசாகக் கழல 8 சுற்று. மரம் அப்படியே பிடிபட்டு நின்று, ஸ்பிண்டில் மட்டும் 300 ஆர்பிஎம்மில் சுழன்றால் அதற்கு ஆகும் நேரம் 1.6 நொடி. சுவிட்சைத் தேடிக் கை போவதற்குள் முடிந்துவிடும்.

சுழற்சிக்குத் திமிறும் குணம், அதாவது நிலைமம், விட்டத்தோடு எப்படி ஏறுகிறது என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரே மரம், ஒரே தடிமன், 6 அங்குல வட்டு ஒன்று, 12 அங்குல வட்டு ஒன்று. விட்டம் இரண்டு மடங்கு. நிலைமமோ 16 மடங்கு. சிறு கிண்ணத்துக்குப் பூட்டில்லாமலே தப்பித்துக்கொண்ட பழக்கம் பெரிய தட்டில் ஒரே நொடியில் காட்டிக்கொடுக்கும். இந்த லேத்தில் 8 அங்குலம் வரை பூட்டிய சக்கில் ரிவர்ஸ் தாராளமாகப் போடலாம். அதற்கு மேல் போனால் டெயில்ஸ்டாக்கை முன்னே கொண்டுவந்து சுழல் முனையால் மரத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். முனை அங்கே இருக்கும்வரை சக் வெளியே வர இடமில்லை. உட்புறத்தின் நடுப்பகுதியைத் தேய்க்கும்போது மட்டும் முனையை எடுத்தாக வேண்டும். அதை முன்சுழற்சியிலேயே முடித்துவிடுவது நல்லது, நடுவில் வேகம் குறைவு, பிசிறும் அங்கே குறைவு.

வேகம்: ரிவர்ஸ் போடும் நாளில் பெல்ட்டை 60–900 புல்லியிலேயே வைத்துவிடுங்கள். கை தவறிக் குமிழ் முழுசாகத் திரும்பினாலும் 900க்கு மேல் போகாது. 3600 புல்லியில் வைத்துக்கொண்டு குமிழை நம்புவது தேவையில்லாத துணிச்சல். 8 அங்குலக் கிண்ணத்துக்கு 300 முதல் 500 ஆர்பிஎம் போதும். அதற்கு மேல் தாள் வெட்டாது, சுடும். ஈரம் முழுசாகக் காயாத மரத்தில் மெல்லிய வெடிப்பு விழும்.

எதை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் போடவே கூடாது? மரத்தின் நடுவில் துளையிட்டு ஒரே திருகில் ஏற்றும் ஸ்க்ரூ சக். அங்கே சக்கைப் பூட்டினாலும் மரம் திருகிலிருந்து கழன்றுகொள்ளும், அதற்குப் பூட்டு கிடையாது. மாறாக, இரண்டு முனைகளுக்கு நடுவே பிடிக்கும் வேலையில், அதாவது பற்களால் மரத்தைக் குத்திப் பிடிக்கும் ஸ்பர் சென்டர் மோர்ஸ் டேப்பரில் உட்கார்ந்து டெயில்ஸ்டாக் அழுத்திப் பிடிக்கும் கட்டில் கால், பூரிக்கட்டை, பம்பரம் போன்றவற்றில், கழல்வதற்கு மரையே இல்லை. ரிவர்ஸைப் பழகிப் பார்க்க அதுவே சரியான இடம்.

உளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிவர்ஸில் முன்பக்கம் உளி வைக்கக் கூடாது. மரம் கீழிருந்து மேலே வரும். டூல் ரெஸ்ட் உளியைத் தாங்காது, மரம் உளியைத் தூக்கி எறியும். குடுவைகளின் உட்புறத்தைக் குடைகிறவர்கள் சிலர், ரிவர்ஸில் ஓட்டி எதிர்ச்சுவரில், அதாவது 3 மணிப் பக்கத்தில் உளியை வைத்து வெட்டுகிறார்கள். அங்கே மரம் கீழ்நோக்கி ஓடுவதால் ரெஸ்ட் தாங்கும், உட்புறம் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். முறை சரியானதே. ஆனால் உளி ஒரு முறை சிக்கினால் ஏற்படும் இழுப்பு, தாளின் உரசலைவிடப் பலமடங்கு. அது முழுவதும் கழலும் திசையில் விழும். கிரப் ஸ்க்ரூ ஒன்றை மட்டும் நம்பி, 1 அங்குல மரையுள்ள இந்த அளவு லேத்தில் இதைச் செய்ய நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சக் தளர ஆரம்பித்தால் முதலில் காதுதான் சொல்லும்: 'டிக், டிக்' என்று சுற்றுக்கு ஒரு சத்தம், கூடவே கிண்ணத்தின் விளிம்பில் லேசான ஆட்டம். உடனே தாளை எடுத்துவிடுங்கள். கழற்றிக்கொண்டிருப்பது அந்த உரசல்தான். பிறகு லேத்தை நிறுத்துங்கள். ரிவர்ஸில் நிற்பது மரையை இறுக்கும் என்பது இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. கையால் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்த முயன்றால் எஞ்சிய மரையையும் நீங்களே கழற்றிவிடுவீர்கள். லேத்தைக் கிளப்பும்போது எப்போதும் கிண்ணத்துக்கு நேரே நிற்காமல் ஹெட்ஸ்டாக் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கையுறை வேண்டாம்.

உள்ளூர்ப் பட்டறையில் செய்த லேத்தோடு இதை ஒப்பிட்டு, 'டிரம் சுவிட்ச் போட்டால் ரிவர்ஸ் வந்துவிடாதா' என்று கேட்பவர்கள் உண்டு. வரும். ஆனால் சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாரை ஓட்டத்தின் நடுவில் திருப்பினால் அது பெரும்பாலும் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்; முழுசாக நின்ற பிறகே திசை மாறும். மாறியதும் மென்மையான ஏற்றம் கிடையாது, முழு வேகத்துக்கு ஒரே உதை. கழலும் திசையில் விழும் அந்த உதைதான் ஆபத்து. த்ரீ பேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (மோட்டாரின் வேகத்தை மின்னணு முறையில் மாற்றும் கருவி) வைத்து, வேகம் ஏறும் நேரத்தை 6 முதல் 8 நொடிக்கு வைத்துக்கொண்டால் ஜெட்டின் மென்மைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம்.

வட அமெரிக்காவில் விற்கும் 1221விஎஸ் 115 வோல்ட் இயந்திரம். அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விடும். தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. மற்றபடி 8 அங்குலக் கிண்ணம், டம்ளர், பேனா, பொம்மை என்று வேலை செய்கிறவருக்கு இது தாராளமாகப் போதும். ரிவர்ஸின் மென்மைக்கு முழு மதிப்பெண் தருகிறோம். பூட்டுள்ள சக்கின் விலையையும் சேர்த்துத்தான் லேத்தின் விலையாக எண்ண வேண்டும். பெரிய தட்டுகளே உங்கள் வேலை என்றால் ஸ்பிண்டில் தடித்த பெரிய லேத்தைப் பாருங்கள்.

வேலை முடிந்து சக்கைக் கழற்றும்போது முதலில் ஆலன் கீயை எடுத்துக் கிரப் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். அதை மறந்து ஸ்பேனரைப் போட்டால் திருகின் முனை ஸ்பிண்டிலைச் சுற்றிலும் உழுதுவிடும். பித்தளைத் துண்டு துளையிலிருந்து விழுந்தால் சீவலோடு சீவலாகக் கூட்டிப் பெருக்கிவிடாமல், ஆலன் கீ இருக்கும் டப்பாவிலேயே போட்டு வையுங்கள்.